காற்றில்லா பாக்டீரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டு வைக்கிறேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் காலில் ஆணி குத்தியவர், ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு கெட்டவர், கழிவுநீர்த் தொட்டி கட்டப் போகிறவர் என்று பலரும் கேட்பார்கள். கேள்வி எதுவானாலும் நான் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த இடத்துக்குள் காற்று போகுமா, போகாதா? அது தெரிந்துவிட்டால் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும்.

ஆக்சிஜன் இல்லாமல் ஒரு உயிர் எப்படி வாழும்?

நமக்குத்தான் அது விசித்திரம். பூமியில் உயிர் தோன்றிக் குறைந்தது 350 கோடி ஆண்டு ஆகிறது, காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததோ சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது நூறு கோடி ஆண்டுக்கும் மேல் இந்த உலகம் முழுக்க இவற்றின் கையில்தான் இருந்தது. நாம் பின்னால் வந்தவர்கள்.

உணவை உடைத்துச் சக்தி எடுக்கும்போது எலக்ட்ரான்கள் மிஞ்சும், அவற்றை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். நாம் ஆக்சிஜன் தலையில் இறக்கி வைக்கிறோம், நம் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. காற்றில்லா பாக்டீரியாவில் சில நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும், சில சல்பேட்டை, சில இரும்பை. எதுவுமே கிடைக்காவிட்டால் தான் உடைத்த உணவின் ஒரு துண்டின் மேலேயே இறக்கிவிடும், அதைத்தான் நொதித்தல் என்கிறோம். இதில் லாபம் ரொம்பக் குறைவு. ஆக்சிஜனோடு ஒரு குளுக்கோஸை எரித்தால் 30 ஏடிபி (செல் செலவழிக்கும் சக்திப் பொட்டலம்) வரை கிடைக்கும், நொதித்தலில் பொதுவாக 2தான். அதனால் நிறையச் சாப்பிட்டு, நிறையக் கழிவை வெளியே தள்ளித்தான் பிழைக்க வேண்டும். அமிலம், ஆல்கஹால், ஹைட்ரஜன், நாற்றம் எல்லாம் அந்தக் கழிவுதான். கீழே வரப்போகும் விஷயங்களில் பாதிக்கு இந்தக் கழிவே காரணம் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று பட்டால் உடனே செத்துவிடுமா?

எல்லாம் அப்படி இல்லை. சில நிமிஷங்களில் செத்துப்போகிறவையும் உண்டு, காற்றில் மணிக்கணக்கில் வளராமல் ஆனால் சாகாமல் தாங்குகிறவையும் உண்டு. ஆக்சிஜன் செல்லுக்குள் போனால் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரியான அரிக்கும் பொருள்கள் உண்டாகும். நம் செல்களிடம் அவற்றைச் சிதைக்க சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள் தாராளமாக இருக்கின்றன. இவற்றில் பலவற்றிடம் அந்த ஏற்பாடு இல்லை, அல்லது போதாது.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகத்தில் ஒரு எளிய வழி இருக்கிறது. தயோகிளைகோலேட் என்ற ஊட்டநீரை நீளமான சோதனைக்குழாயில் ஊற்றி வைப்போம். ஆக்சிஜன் உள்ள மேல்பகுதி மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பாக நிற்கும், அதற்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அதில் பாக்டீரியாவை விட்டு ஒரு ராத்திரி வைத்தால் அது தன் குணத்தைத் தானே சொல்லிவிடும். காற்று கட்டாயம் வேண்டும் என்பது மேலேயே ஆடை மாதிரி படரும், காற்றே ஆகாது என்பது அடியில் கலங்கலாக நிற்கும், இரண்டும் சரி என்கிற ஈ. கோலை மாதிரியானது குழாய் முழுக்க வளர்ந்து மேலே கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். புதிதாக வரும் பயிற்சி மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் குழாயைத்தான்.

அப்புறம், ஸ்போர். குளோஸ்ட்ரிடியம் இனத்தைச் சேர்ந்தவை நிலைமை மோசமானால் தடித்த ஓடு போட்ட விதை மாதிரி மாறி உறங்கிவிடும். அந்த நிலையில் காற்று, வெயில், வறட்சி, கொதிக்கிற தண்ணீர் எதற்கும் சுலபமாக மசியாது. டெட்டனஸ், போட்டுலிசம் எல்லாவற்றின் கதையும் இந்த விதையில்தான் ஆரம்பிக்கிறது.

இப்படி ஒன்று இருப்பதை யார் கண்டுபிடித்தார்கள்?

லூயி பாஸ்டர், 1861-இல். பியூட்டிரிக் அமிலம் உண்டாகும் நொதித்தலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சொட்டின் நடுவில் இருந்த குச்சி வடிவ உயிர்கள் சுறுசுறுப்பாக நீந்துகின்றன, காற்று படுகிற ஓரத்துக்கு வந்தவை அசையாமல் நின்றுவிடுகின்றன. அதுவரை நுண்ணோக்கியில் பார்த்தவற்றில் இதற்கு நேர் எதிராக, எல்லாம் காற்றைத் தேடி ஓரத்துக்குத்தான் போகும். அந்த ஒரு சொட்டின் ஓரத்தைக் கவனித்துப் பார்த்த கண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. காற்று இல்லாமலும் வாழ்க்கை உண்டு என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை.

நம் உடம்பில் இவை இருக்கின்றனவா?

இருப்பதா, பெருங்குடலில் இவைதான் பெரும்பான்மை. நம்மில் பலர் குடல் பாக்டீரியா என்றதும் ஈ. கோலையை நினைப்போம், அது அங்கே நூற்றில் ஒரு பங்குகூட வராது. காற்றில்லா வகைகள் அதைப்போல நூறு முதல் ஆயிரம் மடங்கு அதிகம். நாம் செரிக்க முடியாமல் விட்ட நார்ச்சத்தை இவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அந்த பியூட்டிரேட்தான். அந்தச் செல்கள் அதை எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால் குடலின் உட்புறம் காற்றில்லாமலே இருக்கும், அதனால் இவை மேலும் நன்றாக வாழும். ஒருவரை ஒருவர் தாங்கிப்பிடிக்கிற ஏற்பாடு இது.

வாயிலும் உண்டு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கில். தோலில், மயிர்க்காலின் எண்ணெய்ப் பையில் இருப்பது கியூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ், முகப்பருவில் பங்குள்ளது.

நல்லது செய்கிறவை என்றால் நோய் எப்படி வருகிறது?

இடம் மாறினால் வரும். குடலில் இருக்கும்வரை பிரச்சினை இல்லாத பாக்டீராய்டிஸ் ஃபிராஜிலிஸ், குடல்வால் வெடித்தோ குடலில் ஓட்டை விழுந்தோ வயிற்று அறைக்குள் கசிந்தால் சீழ்க்கட்டி உண்டாக்கும். குடலில் அதன் பங்கு மிகச் சிறியது, ஆனால் வயிற்றுச் சீழ்க்கட்டிகளில் அடிக்கடி அகப்படும் காற்றில்லா பாக்டீரியா அதுதான். அதைச் சுற்றியுள்ள சர்க்கரைப் பொருளாலான உறை சீழ்க்கட்டியைக் கட்டி எழுப்புவதில் கைதேர்ந்தது.

இன்னொன்று, இந்தத் தொற்றுகள் பெரும்பாலும் கூட்டாகத்தான் வரும். ஈ. கோலை மாதிரியான ஒன்று முதலில் போய் அங்கே இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவைக்கும், பின்னாலேயே காற்றில்லா வகைகள் குடியேறும். ரத்த ஓட்டம் குறைந்த இடம், நசுங்கிய சதை, சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண், மயக்கத்தில் எச்சில் புரையேறிய நுரையீரல், சொத்தைப் பல்லின் வேர் என்று எல்லாமே ஆக்சிஜன் எட்டாத இடங்கள். ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் போகாது, மருந்தும் போகாது. அதனால்தான் சீழைக் கீறி வெளியேற்றாமல் வெறும் மாத்திரையால் பெரிய கட்டி ஆறுவது கஷ்டம் என்று அறுவை மருத்துவர்கள் விடாமல் சொல்கிறார்கள்.

தொண்டை வலியிலிருந்து ஒரு ஆபத்தும் வரும், அபூர்வம்தான் என்றாலும் சொல்ல வேண்டும். ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்பது தொண்டையிலிருந்து கழுத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாயில் ரத்தக்கட்டை உண்டாக்கி நுரையீரல்வரை சீழைச் சிதறவிடும். லெமியர் நோய் என்று பெயர், பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமான இளவயதினருக்கு வரும். தொண்டை வலி சரியாகிற மாதிரி இருந்து, அப்புறம் குளிர் ஜுரமும் ஒரு பக்கக் கழுத்து வீக்கமும் வந்தால் காத்திருக்காதீர்கள்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வருமா?

துருவுக்கும் டெட்டனஸுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடந்திருக்கும், அந்த மண்ணில் குளோஸ்ட்ரிடியம் டெட்டனியின் ஸ்போர் இருக்கும், ஆணி குத்தினால் காயத்தின் வாய் சிறிதாகவும் ஆழம் அதிகமாகவும் இருக்கும். மேலே மூடிக்கொள்ளும், உள்ளே காற்று போகாது. அவ்வளவுதான் விஷயம். பளபளவென்று இருக்கிற புது ஆணி, முள், மரச் சிராய், மண்ணோடு ஏற்பட்ட சிராய்ப்பு எதிலும் இது நடக்கலாம்.

ஸ்போர் முளைத்ததும் பாக்டீரியா காயத்தைவிட்டு நகராது, அது விடுகிற நச்சு மட்டும் நரம்பு வழியே முதுகுத்தண்டுவரை ஏறும். தசையை "போதும், தளர்ந்து விடு" என்று அடக்குகிற நரம்புச் சமிக்ஞைகளை அங்கே நிறுத்திவிடும். அடக்க ஆளில்லாமல் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகும், முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், பிறகு முதுகு வில்லாக வளையும். நம் ஊர்ச் சொல்லில் வில்வாத ஜன்னி என்று பெயர் வைத்தவர்கள் சரியாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். சின்ன சத்தமோ வெளிச்சமோ பட்டால்கூட இழுப்பு வரும், அவ்வளவுக்கும் நோயாளிக்கு நினைவு தெளிவாகவே இருக்கும்.

இந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் கிட்டாசாட்டோ ஷிபாசாபுரோ, 1889-இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில். கலப்படமான வளர்ப்பை 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார். மற்றதெல்லாம் செத்தது, டெட்டனஸ் ஸ்போர் மட்டும் பிழைத்தது, அதை ஹைட்ரஜன் வாயுவுக்குள் வளர்த்தார். அதன் பகையாகிய ஆக்சிஜனை விலக்கி, அதன் பலமாகிய ஸ்போரையே பிடிக்கும் கண்ணியாக்கிக்கொண்டார். அடுத்த வருஷமே சக ஆய்வாளர் எமில் வான் பேரிங்கோடு சேர்ந்து நச்சுமுறிவு ரத்தநீரைக் காட்டினார்.

மூன்று விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புசக்தி வராது, ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடிய நச்சின் அளவுகூட எதிர்ப்புசக்தியைத் தூண்டப் போதாது. அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, அதனால் ஊரே தடுப்பூசி போட்டாலும் போடாத உங்களுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. மூன்று, குழந்தையின் தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கருவியால் வெட்டினால் பச்சிளங்குழந்தைக்கு வரும். கர்ப்பிணிக்குப் போடும் ஊசி அந்தக் குழந்தையைத்தான் காப்பாற்றுகிறது. காயம் பட்டால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அழுக்குக் காயமாக இருந்து கடைசி ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், சுத்தமான சிறு காயமாக இருந்து 10 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், பொதுவாக மறுபடி போடச் சொல்வார்கள். எப்போது போட்டோம் என்றே தெரியவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போட்டுலிசம் என்பது என்ன? கைக்குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பது உண்மையா?

உண்மை. ஒரு வயது முடியும்வரை கொடுக்கவே கூடாது, நாக்கில் தடவுவதும் வேண்டாம். தேனில் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினத்தின் ஸ்போர் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே கூட்டம் நெரிவதால் அது முளைக்க இடம் கிடைக்காது, கைக்குழந்தையின் குடல் இன்னும் காலி மனை. அங்கே முளைத்து நச்சை விட்டால் மலச்சிக்கல், பால் உறிஞ்சத் தெம்பில்லாமை, மெலிந்த அழுகை, தலை நிற்காமல் துவளுதல் என்று போகும்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உணவில் ஏற்கெனவே உண்டான நச்சால் வரும். 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியைச் சாப்பிட்டு நோய்ப்பட்டார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மென்ஜெம் இந்த பாக்டீரியாவைக் கண்டறிந்தார். காற்றுப் புகாமல் அடைத்த, புளிப்பில்லாத உணவுதான் இதற்குப் பிடித்த இடம். பிஹெச் 4.6-க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பில், வளராது. ஸ்போரைக் கொல்ல வெறும் கொதிநீர் போதாது, 121 டிகிரி வேண்டும். அதற்கு அழுத்தக் கலனில்தான் வேகவைக்க வேண்டும். டப்பா உப்பியிருந்தாலோ திறக்கும்போது பீறிட்டாலோ ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள். நச்சு இருந்தும் டப்பா ஒழுங்காகத் தெரிவதும் உண்டு என்பதால், வீட்டில் அடைத்ததைச் சரியான முறையில் அடைத்தோமா என்பதுதான் முக்கியம்.

இந்த நச்சும் டெட்டனஸ் நச்சும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் நரம்புமுனையில் சமிக்ஞைப் பொருள் வெளியேற உதவும் புரதங்களை வெட்டுகின்றன. ஆனால் ஒன்று முதுகுத்தண்டில் வேலை செய்து தசையை இறுக்குகிறது, மற்றது தசையின் வாசலிலேயே நின்று தளர்த்திவிடுகிறது. கண் இமை சரிவது, இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது என்று மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுவிடும். அதே நச்சைத் துளியிலும் துளியாக ஊசியில் ஏற்றினால் மாறுகண்ணுக்கும் கண் இமை இழுப்புக்கும் மருந்து. அமெரிக்காவில் 1989-இல் அனுமதி கிடைத்தது அந்தக் கண் பிரச்சினைகளுக்குத்தான், முகச் சுருக்கத்துக்குப் பிறகுதான் வந்தது.

சமைத்த உணவில் இது எப்படிப் புகும்? கொதிக்க வைத்தாயிற்றே?

கொதிக்க வைப்பதே ஒரு வகையில் வழி செய்து கொடுக்கிறது. பெரிய பாத்திரத்தில் இறைச்சிக் குழம்பு கொதிக்கும்போது கரைந்திருந்த ஆக்சிஜன் வெளியேறிவிடும், போட்டிக்கு இருந்த பாக்டீரியா செத்துவிடும், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸின் ஸ்போர் மட்டும் சூடு பட்டு விழித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பாத்திரத்தை மணிக்கணக்கில் மிதமான சூட்டில் விட்டால், 10 நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில் இரட்டிப்பாகக்கூடிய உயிர் அது, கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். சூடாக வைப்பதென்றால் ஆவி பறக்கச் சூடாக வையுங்கள், இல்லையென்றால் சின்னச் சின்னப் பாத்திரமாகப் பிரித்துச் சீக்கிரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

இதே பாக்டீரியா நசுங்கிய சதைக்குள் போனால் வாயு அழுகல் நோய். முதல் உலகப்போரில் எருப்போட்ட வயல்மண் ஒட்டிய காயங்களோடு வந்த வீரர்களுக்கு வந்தது இதுதான். தோலை அமுக்கினால் உள்ளே வாயு நறநறவென்று நொறுங்கும், சில மணி நேரத்தில் பரவும். அழுகிய சதையை உடனே வெட்டி எடுப்பதுதான் உயிர் காக்கும்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு பேதி நிற்கவே இல்லை. இது அதுவா?

இருக்கலாம். எல்லாப் பேதியும் அதுவல்ல, ஆனால் ஜுரம், கடும் வயிற்று வலி, ஒரு நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போவது என்றால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் குடலில் இருந்த நல்ல காற்றில்லா கூட்டத்தை அழித்துவிடுகிறது. அந்தக் கூட்டம் பித்த அமிலங்களை மாற்றி டிஃபிசிலின் வளர்ச்சியை அடக்கி வைத்திருந்தது, மாற்றப்படாத பித்த உப்போ அதன் ஸ்போரை முளைக்கத் தூண்டும். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து வைத்த மாதிரி.

ஆல்கஹால் கைத்தைலம் இந்த ஸ்போரைக் கொல்லாது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், தேய்த்துக் கழுவும்போது ஸ்போர் அடித்துக்கொண்டு போகும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்தில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை உண்டு. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே குணமானது, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்ட 13 பேரில் 4 பேருக்குத்தான் குணமானது. இழந்த கூட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் குடல் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது.

சீழ் அவ்வளவு நாறுகிறது, ஆனால் ஆய்வக அறிக்கையில் "வளர்ச்சி இல்லை" என்று வருகிறதே?

இந்தக் கேள்வியைத்தான் நான் மனசாரப் பேச விரும்புவது. வளர்ச்சி இல்லை என்றால் பாக்டீரியா இல்லை என்று அர்த்தமில்லை, வழியில் செத்திருக்கலாம்.

ஒரு தடவை எங்களுக்கு ஒரு பஞ்சுக்குச்சி வந்தது, காய்ந்த குழாயில், எடுத்து ஐந்து மணி நேரம் கழித்து. மூடியைத் திறந்தபோதே அந்த வாடை தெரிந்தது, அழுகிய முட்டையும் புளித்த வெண்ணெயும் கலந்த மாதிரி. பாக்டீரியாவுக்கு நிறமேற்றும் கிராம் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணில் படும் இடம் முழுக்க வெளிறிய சின்னச் சின்னக் குச்சிகள், நடுவே இரண்டு முனையும் கூர்ந்த ஊசி மாதிரி நீளமானவை. வளர்ப்பில் வந்தது கொஞ்சம் ஈ. கோலை மட்டும். கண்ணால் பார்த்த கூட்டத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி மறு மாதிரி கேட்டோம், இந்த முறை ஊசியால் சீழை உறிஞ்சி, உள்ளிருந்த காற்றுக்குமிழை வெளியேற்றி, உடனே அனுப்பினார்கள். காற்றுப் புகாத ஜாடிக்குள் இரண்டு நாள் வைத்துத் திறந்தபோது தட்டு நிறைய இருந்தது.

ஆகவே பஞ்சுக்குச்சி வேண்டாம், உறிஞ்சிய சீழோ திசுத்துண்டோ வேண்டும், குளிர்ப்பெட்டியில் வைக்காமல் சீக்கிரம் வர வேண்டும். இவை மெதுவாக வளரும், 48 மணி நேரத்துக்கு முன்னால் ஜாடியைத் திறக்கக் கூடாது. சில வகைக்கு வாரங்கூட ஆகும்.

மெட்ரோனிடசோல் ஏன் இவற்றுக்கு மட்டும் வேலை செய்கிறது?

அந்த மருந்து உள்ளே போகும்போது நச்சே கிடையாது. ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட பிறகுதான் டிஎன்ஏவை உடைக்கும் பொருளாக மாறும், அந்த எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய வேதியியல் காற்றில்லா செல்லுக்குள்தான் இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் அது எலக்ட்ரானைத் தட்டிப் பறித்துவிடும். முதலில் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காக வந்த மருந்து இது. 1962-இல் அதற்காகச் சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு ஈறு அழற்சியும் சேர்ந்து ஆறியதைக் கவனித்த பிறகுதான் இந்தப் பயன் தெரிந்தது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் நேர் எதிர்: அது செல்லுக்குள் நுழையவே ஆக்சிஜன் சார்ந்த சுவாசம் வேண்டும், அதனால் இங்கே எடுபடாது. பேதி என்றாலே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சதுப்பிலும் சாணத் தொட்டியிலும் மீத்தேன் உண்டாக்குவது பாக்டீரியாவா?

கடைசிப் படியைச் செய்வது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். 1977-இல் கார்ல் வூஸ் பிரித்துக் காட்டினார். ஆனால் அவை தனியாக எதுவும் செய்ய முடியாது. பாக்டீரியாதான் முதலில் நாரையும் கொழுப்பையும் உடைத்து, அமிலமாக்கி, அதை அசிட்டேட்டும் ஹைட்ரஜனுமாக்கிக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு அழகு இருக்கிறது: ஹைட்ரஜனை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஹைட்ரஜன் சேரச் சேரத் தன் வேலையே நின்றுவிடும், பக்கத்தில் ஆர்க்கியா அதை உடனுக்குடன் தின்றால்தான் பிழைக்கும். பல வருஷம் ஒரே உயிர் என்று நினைத்து வளர்த்த ஒன்று, உண்மையில் இப்படி ஒட்டி வாழும் இரண்டு என்று 1967-இல்தான் தெரிந்தது.

பயோகேஸ் தொட்டி திடீரென்று வாயு கொடுக்காமல் போனால் பெரும்பாலும் இந்தச் சங்கிலிதான் அறுந்திருக்கும். அளவுக்கு மீறிக் கழிவைக் கொட்டினால் அமிலம் செய்கிறவை வேகமாகச் செய்துவிடும், மீத்தேன் ஆர்க்கியா மெதுவாக வளர்வதால் ஈடுகொடுக்க முடியாது, புளித்துப்போய் எல்லாம் நிற்கும். கொட்டுவதை நிறுத்திச் சில நாள் விடுங்கள். மாடுகளின் முதல் இரைப்பையிலும் நீர் நிற்கும் நெல்வயலிலும் நடப்பது இதே வேலைதான். தப்பிக்கிற மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

குளத்து அடிச்சேறு ஏன் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கிறது?

சல்பேட்டை "சுவாசிக்கும்" பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும், அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. மண்ணில் புதைத்த இரும்புக் குழாய்கள் அரிப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. கருங்கடலில் சுமார் 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது, மரத்தை அரிக்கும் புழுவும் அங்கே வாழாது. அதனால் 2,400 ஆண்டுப் பழமையான ஒரு கிரேக்கக் கப்பல் பாய்மரத்தண்டோடு அப்படியே கிடப்பதை 2018-இல் அறிவித்தார்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் ஏன் அத்தனை வேகமாக இறந்துபோகிறார்கள்?

தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். மூடிய தொட்டிக்குள் இந்த பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்து, ஹைட்ரஜன் சல்பைடையும் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் நிரப்பி வைத்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, "வாடை போய்விட்டது" என்று தோன்றும் நேரம்தான் மிக ஆபத்து. 700 பங்கைத் தாண்டினால் ஓரிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். மேலே நின்று பார்க்கும்போது சரியாக இருந்த காற்று, சேற்றைக் கிளறியதும் மாறிவிடும், கரைந்திருந்த வாயு குபீரென்று கிளம்பும்.

விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கிறார், அவரைத் தூக்க மூன்றாமவர். இப்படித்தான் ஒரே தொட்டியில் பலர் போகிறார்கள். மூக்கில் துணி கட்டுவது, சாதாரண முகமூடி போடுவது எதுவும் உதவாது, இல்லாத ஆக்சிஜனைத் துணி கொண்டுவராது. தனிக் காற்று உருளையும் கயிறும் மேலே ஆளும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். இயந்திரத்தால் உறிஞ்சக்கூடிய வேலைக்கு மனிதரை இறக்கவே கூடாது.

சுற்றுச்சூழலுக்கு இவற்றால் நன்மை உண்டா?

நிறைய. நைட்ரேட்டைச் சுவாசிப்பவை அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன, அது நடக்காவிட்டால் நைட்ரஜன் சுழற்சி பாதியில் நிற்கும். அம்மோனியாவை நைட்ரைட்டோடு சேர்த்து ஆக்சிஜன் இல்லாமலே நைட்ரஜனாக்கும் உயிர் இருக்க வேண்டும் என்று 1977-இல் எங்கெல்பர்ட் புரோடா கணக்குப் போட்டுச் சொன்னார். 1990-களில் நெதர்லாந்தில் ஒரு கழிவுநீர் உலையில் அது அகப்பட்டது. அனமாக்ஸ் என்று பெயர். காற்று ஊதும் மின்செலவு குறைவதால் 2002-இல் ராட்டர்டாமில் பெரிய அளவில் உலை கட்டினார்கள். ஒரு தடவை இரட்டிப்பாக இரண்டு வாரம்வரை ஆகும் என்பதால் பொறுமை வேண்டும்.

டிஹாலோகாக்காய்டிஸ் இன்னொரு அதிசயம். உலர்சலவையிலும் ஆலைகளிலும் பயன்படுத்தி நிலத்தடி நீரில் கலந்துவிட்ட குளோரின் கரைப்பான்களை இது சுவாசித்துத் தீங்கில்லாத எத்திலீன்வரை கொண்டுவந்துவிடும். இது இல்லாத இடத்தில் வேலை பாதியில், வினைல் குளோரைடில், நின்றுவிடலாம், அது புற்றுநோய் உண்டாக்கும். அதனால் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் இந்த பாக்டீரியா அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

வீட்டிலேயே இவற்றைப் பார்க்க முடியுமா?

முடியும், நுண்ணோக்கிகூட வேண்டாம். உயரமான கண்ணாடி ஜாடியில் குளத்துச் சேறு, கிழித்த செய்தித்தாள், ஒரு முட்டையின் மஞ்சள்கரு மூன்றையும் பிசைந்து முக்கால் பங்கு நிரப்பி, மேலே அதே குளத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். மூடியை இறுக்காமல் தளர்வாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் விட்டுவிடுங்கள். செய்தித்தாள் நொதிக்கும், சேற்றில் உள்ள சல்பேட்டும் மஞ்சள்கருவில் உள்ள கந்தகமும் சல்பைடாகும், முதலில் அடி முழுக்கக் கறுக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் கண்ணாடியை ஒட்டிக் கீழே பச்சைத் திட்டு, அதற்கு மேலே செவ்வூதாத் திட்டு படரும். இரண்டும் தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் காற்றில்லா பாக்டீரியா. சல்பைடு அதிகம் தாங்குகிறது கீழே, குறைவாகத் தாங்குகிறது மேலே. ரஷ்ய ஆய்வாளர் வினோகிராட்ஸ்கி 1880-களில் ஆரம்பித்து வைத்த முறை இது. ஜாடியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள். ஊதா நிறம் வரும்வரை குலுக்காதீர்கள், குலுக்கினால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.